ஆளில்லாத கிரவுண்டு

சேலத்தில் வாலிபால் ஆடுகிறவர்களுக்குப் பந்து வெளியே போனால் ஒரு பாயின்ட் போகும். ஏற்காட்டில் ஆடுகிற எங்களுக்கு அன்றைய சாயங்காலமே போய்விடும். எங்கள் கிரவுண்டு மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்தது. மேல்பக்கம் மண்மேடு. அங்கே போன பந்து தானாக உருண்டு திரும்பி வந்துவிடும். கீழ்ப்பக்கம் காப்பி எஸ்டேட். அங்கே போன பந்து செடிகளுக்கு நடுவே குதித்துக் குதித்து ஓடை வரைக்கும் இறங்கிவிடும். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பந்து யாருடையதோ, அவர்தான் பள்ள மூலையில் நிற்பார். மற்றவர்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொள்வார்கள். அவர் பந்தைப் பார்த்துக்கொள்வார்.

ஏற்காட்டில் எங்கள் பகுதிக்கு ஒண்டிக்கடை என்று பெயர். ஒண்டிக்கடை அணியின் பந்து என்னுடையது. ஆகவே பள்ள மூலை என்னுடையது. கேப்டன் பதவியும் எப்படியோ அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. என் பெயர் சையத் இப்ராஹிம். அப்போது ஒண்டிக்கடையில் வீடியோ கடை வைத்திருந்தேன். கேசட் வாடகைக்குக் கொடுப்பேன், கல்யாணங்களுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவேன். கடையின் பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஏற்காட்டில் தொண்ணூற்று நாலாம் வருஷம் கம்ப்யூட்டர் வைத்திருப்பவனை ஜனங்கள் டாக்டரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். எனக்கும் அந்தப் பார்வை பிடித்திருந்தது.

அந்த வருஷம் கோடைவிழாப் போட்டியில் முதல் தடவையாக இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரணி செம்மநத்தம். நான் சேலத்திலிருந்த மாமனார் வீட்டுக்கு ஆள் அனுப்பி, எல்லோரும் பஸ் ஏறி வந்துவிடவேண்டும் என்று சொல்லியிருந்தேன். முதுகில் 'கேப்டன்' என்று தைத்த பனியனும் தயார். ஒரே ஒரு சிக்கல், அணியில் ஆறு இடம், ஆள் ஏழு. மஞ்சக்குட்டைப் பாதையில் ஜீப் ஓட்டும் மாதப்பன் புதிதாகச் சேர்ந்திருந்தான். அவன் குதிக்காமலே வலைக்கு மேலே எட்டிப் பார்ப்பான். அவனை வெளியே உட்காரவைக்கிற அளவுக்கு நாங்கள் பைத்தியம் இல்லை. அப்படியானால் வேறு யாரோ உட்காரவேண்டும்.

யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கந்தர்தான். என் மனைவி சுபைதாவின் தம்பி. நல்ல பையன்தான், ஆனால் தன் இடத்தில் நிற்கமாட்டான். எங்கள் மலையாட்டத்தில் முறை மாறிச் சுற்றி வருவது கிடையாது; ஆளுக்கு ஒரு இடம், கடைசி வரைக்கும் அதே இடம். அப்படியிருக்க, நான் எப்போது திரும்பினாலும் அவன் என் பக்கத்தில் வந்து நிற்பான். எனக்கு அது இடைஞ்சலாகவே இருந்தது.

இதை நேராகச் சொன்னால் அன்று ராத்திரி வீட்டில் சோறு கிடைக்காது. அதனால் கம்ப்யூட்டரைச் சொல்லவைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

"ஆட்டத்தை வீடியோ எடுத்துக் கம்ப்யூட்டர்ல போடறேன். யாரு நொம்ப ஓடறாங்க, யாரு நிக்கறாங்கன்னு அதுவே சொல்லும். யாரு கடேசியோ அவங்க வெளியில. சம்மதமா?" என்று அணியைக் கேட்டேன்.

"பாய் கம்ப்யூட்டர் சொன்னாச் சரிங்க," என்றார் சின்னையன். ஆரஞ்சுத் தோட்டக்காரர், ஆட்டத்தில் மற்றவர்கள் அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக்கொடுப்பவர்.

சிக்கந்தருக்கு ஒரே சந்தோஷம். "மச்சான், அப்ப நான் டிவிப் பொட்டியில வருவனா?"

"வருவ மாப்ள, வருவ," என்றேன்.

இனி அந்த இயந்திரம் எப்படி வேலை செய்தது என்று சொல்லியாகவேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அழகான விஷயம் அது.

கடையின் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் கிரவுண்டு முழுவதும் தெரியும். அங்கே கேமராவை அசையாமல் கட்டிவைத்து, மாதப்பன் நீங்கலாக நாங்கள் ஆறு பேரும் ஆடிய ஒரு ஆட்டத்தை முழுதாக எடுத்தேன். கம்ப்யூட்டருக்குள் ஒரு அட்டை செருகியிருந்தேன். வீடியோப் படத்தை அது எண்களாக மாற்றும். ஒரு படத்தைக் கோலம் போடுகிற மாதிரி புள்ளி புள்ளியாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சம் என்று ஒரு எண் போடும். கறுப்பென்றால் பூஜ்யம், நல்ல வெள்ளை என்றால் இருநூற்றைம்பத்தைந்து. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மனிதன் என்றால் என்ன, வாலிபால் என்றால் என்ன, ஒன்றும் தெரியாது. சிக்கந்தரும் அதற்கு எண்கள். மண்மேட்டின் மேல் நிற்கிற பலாமரமும் எண்கள்.

அப்படியென்றால் ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆள் அசைவான், தரை அசையாது. ஆளே இல்லாத கிரவுண்டின் படம் ஒன்று கையில் இருந்தால், ஆட்டத்தின் ஒவ்வொரு படத்திலிருந்தும் அதைக் கழித்துவிடலாம். மிச்சம் இருப்பதெல்லாம் ஆள்கள். முதலிலேயே வெறும் கிரவுண்டை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பீர்கள். சமவெளி என்றால் போதும். இங்கே மஞ்சு, அதாவது மலைமூட்டம், இறங்கினால் ஒரு வெளிச்சம், ஏறினால் ஒரு வெளிச்சம். ஆட்டத்துக்கு முன்னால் எடுத்த படம் ஆட்டம் ஆரம்பிக்கும்போதே பழசாகிவிடும்.

ஆகவே ஆட்டத்தின் படங்களிலிருந்தே வெறும் கிரவுண்டைத் தோண்டி எடுக்கவேண்டும். நான் கண்டுபிடித்த வழி தேர்தல். ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முழுக்க எடுத்த நூற்றுக்கணக்கான படங்களிலும் அந்த இடத்தில் என்ன எண் இருந்தது என்று வாக்கெடுப்பு. பெரும்பாலான படங்களில் அங்கே செம்மண்தான் இருந்திருக்கும். எப்போதாவது ஒருவன் அந்த வழியாக ஓடியிருப்பான். அவனுக்கு இரண்டு மூன்று ஓட்டுதான் விழும், தோற்றுப்போவான். மண் ஜெயிக்கும். இப்படி எல்லாப் புள்ளிகளுக்கும் தேர்தல் நடத்தி முடித்தால், ஆறு பேரும் எதிரணியும் மறைந்துபோய், ஆளில்லாத கிரவுண்டு கிடைக்கும்.

இன்னொரு தொல்லை இருந்தது. இலை ஆடினாலும் கம்ப்யூட்டருக்கு அசைவுதான், மஞ்சு நகர்ந்தாலும் அசைவுதான். படம் முழுக்கக் கடுகு சிந்தினமாதிரிப் புள்ளிகள். ஆகவே, 'ஆளின் பாதி அளவுகூட இல்லாத எதையும் தள்ளிவிடு' என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். கடுகெல்லாம் பறந்துபோய்ப் படம் துடைத்துவிட்டதுபோல ஆயிற்று. அந்த ஒரு வரிக்காக என்னை நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

கடைசியாக, எங்கள் பக்கத்துத் தரையை ஆறு கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எவ்வளவு அசைவு என்று கூட்டச்சொன்னேன். ஆளுக்கு ஒரு கட்டம். முடிவு வந்தது. பள்ள மூலைக் கட்டம், அதாவது நான், இரண்டாம் இடம். சிக்கந்தரின் கட்டம் கடைசி. அறிவியல் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரையும் கடைக்கு வரச்சொன்னேன். பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் நெருக்கியடித்து நின்றார்கள். முடிவைப் படித்தேன். சிக்கந்தரின் முகம் சுருங்கிப்போயிற்று.

"நான் நிக்கவே இல்லையே மச்சான். எனக்குத்தான் மூச்சு வாங்குது."

"கம்ப்யூட்டருக்கு மாமன் மச்சான் எல்லாம் தெரியாது மாப்ள," என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் விட்டால் எனக்குச் சாப்பிட்டது செரிக்காது. புள்ளி, எண், தேர்தல் என்று எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "இப்பப் பாருங்க. ஆறு பேரு ஆடுன ஆட்டத்துலருந்து ஆளையெல்லாம் அழிச்சு, ஒத்த ஆளு இல்லாத கிரவுண்டை எடுத்திருக்கறேன்," என்று பொத்தானை அழுத்தினேன்.

திரையில் மேலிருந்து கீழாகப் படம் இறங்கியது. பலாமரம் வந்தது. வலைக்கம்பம் வந்தது. நடுவருடைய நாற்காலி வந்தது. எல்லோரும் திரையையே உற்றுப் பார்த்தார்கள். அவர்களுடைய ஆச்சரியம் அடங்கட்டும் என்று நான் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தேன்.

டீத்தட்டோடு வந்த சுபைதா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஆளில்லாத கிரவுண்டுன்னீங்களே. அந்த மூலையில நிக்கறது யாருங்க?"

பார்த்தேன். பள்ள மூலையில், இரண்டு கையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட நான் அவ்வளவு தெளிவாக விழுந்ததில்லை. தேர்தல் முறையில் கிடைக்கும் படம் அப்படித்தான், அலுங்கல் குலுங்கல் எல்லாம் அடிபட்டுப்போய்விடும். என் இடத்தில் இருந்த அத்தனை புள்ளிகளிலும் நான் மண்ணைத் தோற்கடித்து, பெரும்பான்மை பலத்தோடு ஜெயித்திருந்தேன்.

"நொம்ப நல்லா உளுந்திருக்குதுங்க பாய்," என்றார் சின்னையன். "பலாமரத்துக்கும் உங்களுக்கும் ஒரே மாதிரி நெழலு."

"சர்வீஸ் போடவாச்சும் நவுந்திருப்பாருங்களே?" என்றான் மாதப்பன்.

"பாய்க்குத் தோள்வலின்னு அவரு சர்வீசையும் நாந்தான போடறேன்," என்றார் சின்னையன்.

மாதப்பன் தலையைச் சொறிந்தான். "அப்ப பாயோட கட்டத்துல அத்தனை ஓட்டம் ஓடுனது யாருங்க?"

டேப்பைப் போட்டுப் பார்த்தோம். சிக்கந்தர். தன் இடத்திலிருந்து பாய்ந்து வருகிறான், என் காலடியில் விழப்போகும் பந்தைத் தூக்கிவிடுகிறான், திரும்பி ஓடுகிறான். மறுபடி வருகிறான். நான் இடுப்பில் கைவைத்தபடி எஸ்டேட்டைப் பார்க்கிறேன். அவன் ஓட்டமெல்லாம் என் கட்டத்தில் கணக்காகியிருந்தது. நடுவில் ஒரு இடத்தில் திரையில் நான் குனிந்தேன். "அதோ, அசையறேன் பாருங்க!" என்று கத்தினேன். ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு சிக்கந்தர் எனக்காகப் பேசினான். "உடுங்கப்பா. மச்சான் அங்க நிக்கறது பந்து பள்ளத்துக்குப் போவாம இருக்கத்தான? அவரு வேலைய அவரு பாக்கறாரு." அதுவரைக்கும் பட்ட அவமானமெல்லாம் ஒன்றுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

புரோகிராமில் தப்பு என்று அறிவித்தேன். திருத்தித் தருகிறேன், இன்னொரு ஆட்டம் எடுப்போம், அதுவரை முடிவு நிறுத்தி வைக்கப்படுகிறது என்றும் சொன்னேன். வீட்டுக்குப் போய்ச் சுபைதாவிடம், ஆட்டம் முழுக்கத் தேர்தல் வைக்காமல் சில நொடிகளுக்கு மட்டும் வைத்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று விளக்கினேன். அந்தச் சில நொடிகளில் யாருமே அவ்வளவாக நகரமாட்டார்கள். எல்லோருமே என்னைப்போலத் தரையாகிவிடுவார்கள்.

"அப்ப எல்லாத்தையும் வெளியில உக்கார வெச்சரலாமுங்க," என்றாள் அவள்.

அந்த வழியை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, கட்டத்தைக் கணக்கெடுக்காமல் ஆளையே பின்தொடரும்படி மாற்றி எழுதினேன். ஒரு படத்தில் இருக்கும் திட்டுக்கு அடுத்த படத்தில் மிக அருகில் எது இருக்கிறதோ, அதுவே அதே ஆள். இப்படிக் கோத்துக்கொண்டே போனால் ஒவ்வொருவனும் எவ்வளவு தூரம் ஓடினான் என்று தெரிந்துவிடும். நேர்மையான முறை. எனக்குப் பாக்கி இருந்தது, ஓடுவது மட்டும்தான்.

மஞ்சக்குட்டைப் பையன்களோடு ஒரு பழக்க ஆட்டம் வைத்தோம். ஓடினேன் பாருங்கள். பந்து வலைக்கு அந்தப்பக்கம் இருக்கும்போதும் ஓடினேன். சின்னையன் பந்தைத் தூக்கப்போன இடத்துக்கும் ஓடினேன். சிக்கந்தர் மேல் இரண்டு தடவை மோதினேன். அதன்பிறகு அவன் எங்கே போவது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு தன் இடத்திலேயே நின்றுவிட்டான்.

"பாய்க்கு ஏதாச்சும் குளவி கடிச்சிருச்சுங்களா?" என்று மாதப்பன் கேட்டது என் காதில் விழுந்தது.

இரண்டு செட்டும் தோற்றோம். நான் விட்டுவந்த பள்ள மூலை வழியாகப் பந்து எஸ்டேட்டுக்குள் இறங்கிப்போயிற்று. இருட்டும் நேரம் வரைக்கும் ஆளுக்கு ஒரு வரிசையாகக் காப்பிச்செடிகளுக்குள் குனிந்து தேடினோம். கடைசியில் சின்னையன் ஈரப்பந்தோடு மேலே ஏறிவந்தார். "ஓடையில குளிச்சுட்டு வருதுங்க பாய். தொவட்டிக் குடுங்க."

எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. டேப்பைப் போட்டுக் கணக்கெடுத்ததில் நான் முதலிடம்! மாதப்பனைவிட அதிகம். கடைசி இடம் சிக்கந்தர். பிரிண்டர் கிர்ரென்று தாளைத் தள்ளியது. நான் வைத்த விதி, எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி, அதன்படி என் இடம் எனக்கு. கேப்டன் பனியனும் எனக்கு.

இதை இன்னும் அழகாகக் காட்டவேண்டும் என்று ஆசை வந்தது. என் ஓட்டத்தை ஒரு கோடாகவும் பந்தின் ஓட்டத்தை இன்னொரு கோடாகவும் வரைந்தால், நான் பந்தைத் துரத்தின அருமை எல்லோருக்கும் புரியும். பந்தைத் தேடினேன். முதல் படத்தில் பந்து இல்லை. அடுத்ததில் இல்லை. எந்தப் படத்திலுமே இல்லை. கணக்கெடுத்த படங்கள் முழுக்க ஆள்கள் கையைத் தூக்குகிறார்கள், குதிக்கிறார்கள், விழுகிறார்கள், எதற்கென்றே தெரியவில்லை. புரோகிராமை வரிவரியாகப் படித்துக்கொண்டு வந்தேன். 'ஆளின் பாதி அளவுகூட இல்லாத எதையும் தள்ளிவிடு.'

கடுகோடு கடுகாகப் பந்தையும் பெருக்கித் தள்ளியிருந்தேன். வாலிபால் ஆட்டத்தை அலசி ஆராய்ந்த என் கம்ப்யூட்டருக்கு, பந்து என்று ஒன்று இருப்பதே தெரியாது.

முன்கடையில் சுபைதா, திரும்பி வந்த வாடகை கேசட்டுகளை முதலிலிருந்து ஓடும்படி பின்னுக்குச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். தாளோடு போய் நின்றேன்.

"யாருங்க வெளியில?" என்றாள், நிமிராமல்.

"கம்ப்யூட்டர் உன் தம்பியச் சொல்லுது."

கை நின்றது. "நீங்க என்னங்க சொல்றீங்க?"

பந்து விஷயத்தைச் சொன்னேன். ஏன் அப்படி ஆயிற்று என்பதையும், கடுகு எப்படி வந்தது என்பதையும் சேர்த்தே சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"பந்தையே பாக்காத ஒண்ணு, வாலிபால்ல யாரு பெரிய ஆளுன்னு சொல்லுதுங்களா?"

"அது மேல தப்பில்ல சுபைதா. நான் பாக்காதேன்னேன், அது பாக்கல. சொன்னதச் சொன்னபடி கேக்கும்."

"அப்படி ஒண்ணு நம்ம ஊட்டுல இருக்குதுன்னு கேக்கவே நல்லா இருக்குதுங்க," என்று அடுத்த கேசட்டைப் பெட்டிக்குள் தள்ளினாள்.

தாளை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். அதைக் காட்டினால் யாரும் மறுக்கமாட்டார்கள். சிக்கந்தர்கூட ஒன்றும் சொல்லமாட்டான். ஆனால் டேப்பும் இருந்தது. டேப்பில் பந்து இருந்தது. என் காலடியில் விழுந்த அத்தனை பந்துக்கும் யார் வந்தது என்றும் இருந்தது. தாளை மடித்து, ஆடிக்கொண்டிருந்த கேசட் அலமாரியின் காலுக்கு அண்டக்கொடுத்தேன். இன்றைக்கும் சொல்வேன், அந்தப் புரோகிராமால் கடைக்குக் கிடைத்த ஒரே உபயோகம் அது.

மறுநாள் அணியிடம், "நான் வெளியில உக்காந்துக்கறேன். மாதப்பன் ஆடட்டும்," என்றேன்.

"கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லுச்சுங்களா?" என்றார் சின்னையன்.

"இல்ல. கேமரா சொல்லுச்சு."

கேப்டன் பனியனை மாதப்பன் போட்டுக்கொண்டான். அது அவன் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது.

இறுதி ஆட்டத்தன்று சேலத்திலிருந்து மாமனார் வீட்டார் அத்தனை பேரும் வந்து மண்மேட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கேமராவைச் சுபைதா பார்த்துக்கொண்டாள். மாமியார் மேட்டிலிருந்து மொட்டைமாடியைப் பார்த்து, "மாப்பிள்ளை எங்க ஆடறாரு?" என்று குரல் கொடுத்தார்.

"பள்ளத்துல நிக்கறாருங்கம்மா!" என்று பதில் வந்தது. ஊரே கேட்டது.

நிஜம்தான். போட்டிக்கும் என் பந்தைத்தான் எடுத்திருந்தார்கள். பழக்கதோஷத்தில் கோட்டுக்கு வெளியே, அதே மூலைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். இரண்டு கையும் எங்கே இருந்தன என்று சொல்லவேண்டியதில்லை.

சிக்கந்தருக்கு இப்போது குறுக்கே யாரும் இல்லை. மாதப்பன் வலைப்பக்கமே நின்றுகொள்ள, பள்ள மூலையையும் தன் இடத்தையும் சேர்த்து அவன் ஒருவனே பார்த்துக்கொண்டான். செம்மநத்தத்து மாதையன் அடித்த அடிகளை எல்லாம் தரையோடு தரையாகப் படுத்து எடுத்தான். ஆளுக்கு ஒரு செட் ஆகி, மூன்றாவதில் கடைசிப் பாயின்ட். சின்னையன் தூக்கிக் கொடுக்க, மாதப்பன் அடித்தான். தடுக்க வந்த மாதையன் கையில் பட்ட பந்து என் தலைக்கு மேலே பறந்து பள்ளத்துக்குப் போயிற்று. கடைசியாகத் தொட்டது அவன், பாயின்ட் எங்களுக்கு. ஜெயித்துவிட்டோம்! எல்லோரும் குதித்தார்கள், சிக்கந்தரைத் தூக்கினார்கள், மண்மேடே இறங்கிவந்தது.

நான் பந்தின் பின்னால் ஓடினேன்.

ஓடைக்கு முந்தின வரிசையில் ஒரு செடி அதைத் தடுத்து வைத்திருந்தது. எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தபோது, கோப்பையோடு போட்டோ எடுத்து முடித்திருந்தார்கள். அந்தப் போட்டோ இன்றும் கடையில் மாட்டியிருக்கிறது. அதில் என் மாமனார்கூட இருக்கிறார்.

அந்த டேப்பையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஆளில்லாத கிரவுண்டு இறங்கியது. பலாமரம், வலைக்கம்பம், நாற்காலி, நான். மறுபடியும் அமோக வெற்றி. ஆனால் கடைசிப் படங்களில் ஒன்று நடந்தது. நான் ஓட ஆரம்பித்ததும், புரோகிராம் அந்த ஆட்டத்தில் முதல் தடவையாக என்னைக் கண்டுபிடித்து, ஆள் என்று அடையாளம் காட்டும் கட்டத்தை என்னைச் சுற்றிப் போட்டது. அந்தக் கட்டம் சரிவில் இறங்கிப் படத்தைவிட்டு வெளியே போனது. அதே சமயம், நான் நின்றிருந்த இடத்திலும் ஒரு கட்டம் விழுந்தது. அங்கே வெறும் செம்மண்தான். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்த இடத்தில் தரை என்பது நான். நான் விலகினதும் தெரிந்த மண்ணை, புதிதாக வந்து நிற்கும் ஒரு ஆள் என்று நினைத்துவிட்டது. பிழைதான், ஆனால் எவ்வளவு அழகான பிழை என்று பாருங்கள்! சுபைதாவைக் கூப்பிட்டுக் காட்டி, இதையெல்லாம் பொறுமையாக விளக்கினேன்.

அவள் இரண்டு கட்டத்தையும் பார்த்தாள்.

"ஓடறது நீங்க. சரிங்க. அந்த வெறும் மண்ணும் ஒரு ஆளுன்னு சொல்லுதா?"

"ஆமா."

"அப்ப உங்களுக்குப் பதிலா அதையே ஆட வெச்சிருக்கலாமுங்க," என்றாள். "சிக்கந்தர் மேல மோதாதுல்ல."